பெயரெடுக்காத ஊர்களின் சிவப்பு ஒயின்



பாரிஸின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் வீடு வாங்கினால், பெரும்பாலும் நிலத்துக்கடியில் ஒரு சின்ன அறையும் சேர்ந்து வரும். 'காவ்' என்று நாமும் சொல்லிப் பழகிவிட்டோம். நம்மவர்களின் காவில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஓடாத சைக்கிள், ஊருக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும் பெட்டிகள், கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி. அந்த அறைகளைக் கட்டியவர்கள் கரிக்கும் ஒயினுக்குமாகக் கட்டினார்கள். கரியின் காலம் போய்விட்டது. ஒயினையாவது அதன் இடத்தில் வைப்போமே என்பதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

அவைத் தலைவர் அவர்கள் அறிமுக உரையில் அரிக்கமேட்டைச் சொன்னார். யவனரின் மதுச்சாடிகளைச் சொன்னார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியெடுத்த சாடித் துண்டுகள் மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வந்தவை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு கடையில் எந்தப் பாட்டிலை எடுப்பது என்று முடிவு செய்ய முடியாது. ஆகவே, அவர் மன்னிக்க வேண்டும், நான் நேரே கடைக்குப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. 1991இல் வந்த எவின் சட்டப்படி இந்நாட்டில் மது விளம்பரங்களில், அளவுமீறிக் குடிப்பது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். நான் எதையும் விற்க வரவில்லை. இருந்தாலும் அந்த எச்சரிக்கையை மனதாரச் சொல்கிறேன். இன்று வாங்கி எட்டு ஆண்டு கழித்துத் திறக்கிறவர் அவசரக் குடிகாரராக இருக்க வாய்ப்பில்லை என்பது வேறு விஷயம்.

எந்த ஒயினை வாங்கி வைத்தாலும் நாளாக நாளாகச் சிறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பொய். உலகில் செய்யப்படும் ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதற்காகவே செய்யப்படுகிறது. அதைக் காவில் போட்டு வைத்தால் பழச்சுவை போய், வெறும் புளிப்பும் சாராய நெடியும்தான் மிஞ்சும். காத்திருக்கும் ஒயினுக்கு உடம்பில் இரண்டு சத்து வேண்டும். ஒன்று புளிப்பு. மற்றது டானின், அதாவது திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பு. கடுந்தேநீர் குடித்தால் நாக்கைப் பிடிக்குமே, அதே வகைப் பொருள்தான். ஆண்டுகள் போகப் போக இந்த டானின் துகள்கள் ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் பிணைந்து கனத்து, பாட்டிலின் அடியில் வண்டலாகப் படிகின்றன. துவர்ப்பு தணிகிறது. நிறம் ஊதாச் சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு இறங்குகிறது. பழ வாசனை அடங்கி, தோல், புகையிலை, ஈரமண், காய்ந்த இலை என்று வேறு வாசனைகள் எழுகின்றன. அந்த வாசனைகளைப் பிடிக்காதவர்கள் ஏராளம். அவர்கள் காவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். இளம் ஒயினை வாங்கி அந்த வாரமே குடித்துவிடலாம். பணமும் மிச்சம்.

பிடித்தவர்களுக்குத்தான் அடுத்த கேள்வி. காத்திருக்கும் ஒயின் என்றால் விலை உயர்ந்த ஒயின் என்றுதானே அர்த்தம்? இல்லை. இன்று நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றைத்தான்: ஒயினின் ஆயுள் மண்ணிலும் திராட்சையிலும் செய்முறையிலும் இருக்கிறது, விலை பெரும்பாலும் பெயரில் இருக்கிறது. இரண்டும் எங்கே பிரிகின்றனவோ, அங்கேதான் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் வாங்க வேண்டும்.

பெயர் எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். 1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் உலகக் கண்காட்சி நடத்தினார். போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்துப் பட்டியல் தரும்படி கேட்டார்கள். போர்தோவின் தரகர்கள் அதைத் தயாரித்தார்கள். எந்த அடிப்படையில்? யாரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யவில்லை. எந்தத் தோட்டத்து ஒயின் நெடுங்காலமாக என்ன விலைக்குப் போகிறது என்ற கணக்குப் புத்தகம்தான் அடிப்படை. ஐந்து படிகள். சிவப்பு ஒயினில் ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் மெதோக் பகுதித் தோட்டங்கள். 170 ஆண்டுகளாக அந்தப் பட்டியல் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. பெரிய மாற்றம் என்று சொன்னால் 1973இல் மூத்தோன்-ரோத்ஷில்த் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியது ஒன்றுதான். இதில் வேடிக்கை, பட்டம் நிலத்துக்குரியது இல்லை, ஷாத்தோவின், அதாவது ஒயின் செய்யும் வீட்டின், பெயருக்குரியது. அதே ஊர் எல்லைக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் பட்டம் ஒட்டிக்கொள்ளும். விலையை வைத்துப் பட்டியல், பட்டியலை வைத்து விலை. பட்டியலில் இல்லாத நல்ல நிலம் வெளியே நிற்கிறது. நமக்கு அது போதும்.

அடுத்து, 'மரபான' ஒயினைத் தேடுங்கள் என்று நான் சொல்வேன்; அது எது? 1978இல் அமெரிக்க வழக்கறிஞர் ராபர்ட் பார்க்கர் ஒரு ஒயின் இதழ் தொடங்கினார். பள்ளிக்கூடத் தேர்வைப் போல 100க்கு மதிப்பெண் போட்டார். 1982ஆம் ஆண்டுப் போர்தோவை அவர் முன்கூட்டியே புகழ்ந்து தூக்கிப் பிடித்த பிறகு அவர் வைத்ததே சட்டமாயிற்று. 95 வாங்கினால் விலை ஏறும், 85 என்றால் கிடங்கில் கிடக்கும். அவருக்குப் பிடித்தது நன்றாகக் கனிந்த, கனத்த, புதிய ஓக் பீப்பாயின் வெனிலா மணம் ஏறிய ஒயின் என்று ஊரே புரிந்துகொண்டது. தோட்டக்காரர்கள் அறுவடையைத் தள்ளிப்போட்டார்கள், புதிய பீப்பாய்களை வாங்கிக் குவித்தார்கள். அந்த ஓட்டத்தில் சேராமல், அப்பன் செய்தபடியே பழைய பீப்பாயிலோ சிமென்ட் தொட்டியிலோ ஒயினை வளர்த்தவர்கள் பின்தங்கினார்கள். அவர்கள் ஒயின் இளமையில் கறாராக இருக்கும், பேச்சுக் கொடுக்காது. மதிப்பெண் குறைந்தது, விலையும் ஏறவில்லை. பார்க்கர் 2019இல் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் பழைய பாணிக்காரர்களில் பலர் இன்னும் அதே விலையில் இருக்கிறார்கள்.

இதில் ஒரு சின்னக் கணக்கும் உண்டு. போர்தோ பீப்பாய் 225 லிட்டர். அதில் 300 பாட்டில். புதிய ஓக் பீப்பாய் 700 யூரோ என்று குறைத்துப் போட்டாலும், பாட்டிலுக்கு இரண்டு யூரோவுக்கு மேல் மரத்துக்கே போகிறது. பத்து யூரோ ஒயினில் அது பெரிய பங்கு. சிமென்ட் தொட்டிக்குக் கட்டியவனோடு செலவு முடிந்தது. ஆகவே 12 யூரோவுக்கு 'புதிய ஓக்கில் வளர்ந்தது' என்று ஒருவர் பெருமையாக எழுதியிருந்தால், வேறெங்கே மிச்சம் பிடித்தார் என்று யோசியுங்கள்.

இனி ஊர்களுக்குப் போவோம்.

போர்தோவிலேயே தொடங்குகிறேன். மெதோக்கில், சென்-எஸ்தேஃப் எல்லையை வடக்கே தாண்டி, சென்-சொரேன்-த-கதூர்ன் என்று ஓர் ஊர். ஜிரோந்து ஆற்றைப் பார்த்த கூழாங்கல் மேடு. அங்கே சோசியாந்தோ-மலே என்ற கவனிப்பாரற்ற தோட்டத்தை 1969இல் ஜான் கோத்ரோ என்ற ஒயின் வணிகர் வாங்கினார். பட்டியலில் இடமில்லை. 'க்ரூ பூர்ஷுவா' என்ற அடுத்த நிலைப் பட்டத்தைக்கூட 2003இல் அவர் கேட்டு விண்ணப்பிக்கவில்லை. ஆனால் அந்த ஒயின் இருபது ஆண்டு சாதாரணமாக நிற்கும். பெயரை மறைத்து நடத்தும் சுவைப்புகளில் பட்டம் பெற்ற பெரிய வீடுகளைப் பலமுறை சங்கடப்படுத்தியிருக்கிறது. இன்று 30 யூரோவைத் தாண்டிவிட்டது. நம் கணக்குக்குக் கொஞ்சம் மேலே. இருந்தாலும் ஆறு பாட்டில் வாங்கலாம் என்பது என் கட்சி. இன்னும் கீழே இறங்கினால் பொத்தான்சாக், லனெசான், லா தூர் த பி. மூன்றுமே பரபரப்பில்லாத வீடுகள். பொத்தான்சாக்கை நடத்துவது லெயோவில் லாஸ் காஸ் என்ற மிகப் பெரிய வீட்டின் குடும்பம். அதே கை, அதே கவனம், விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

க்ரூ பூர்ஷுவா பட்டத்தை நம்பலாமா? ஓரளவுக்கு. 1932இல் 444 பெயரோடு தொடங்கியது. 2003இல் செய்த தரப்பிரிவை வழக்குப் போட்டு 2007இல் ரத்து செய்யவைத்தார்கள். 2020இல் மீண்டும் மூன்று படிகளாக வந்தது. விலக்கப்பட்டவர்கள் கோபித்துக்கொண்டார்கள், சேர்க்கப்பட்டவர்களில் சிலர் தாமே வெளியேறினார்கள். பட்டம் இருந்தால் மோசமாக இருக்காது, இல்லாவிட்டாலும் மோசம் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். சென்-எமிலியோனின் 'க்ரான் க்ரூ' என்ற சொல்லில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அந்த ஊரில் அது ஒரு சாதாரண அப்பெலாசியோன், அதாவது விளைந்த இடத்தைக் குறிக்கும் சட்டப் பெயர். நூற்றுக்கணக்கான ஒயின்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம். தரப்பட்டியலில் இருப்பது 'க்ரான் க்ரூ க்ளாசே'. அந்தப் பட்டியலிலிருந்தும் ஷெவால் ப்ளான், ஓசோன் இரண்டும் 2021இல் விலகிக்கொண்டன. பெரிய வீடுகள் முதல் ஒயினில் சேர்க்காததைக் கொண்டு செய்யும் 'இரண்டாம் ஒயின்' பற்றியும் கேட்பீர்கள். பெரும்பாலும் அது பெயருக்குக் கொடுக்கும் பணம். அந்த விலையில் பக்கத்து ஊரின் முதல் ஒயினை வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு, சொல்லச் சற்றுச் சங்கடமாக இருக்கிறது. போர்தோ இன்று நெருக்கடியில் இருக்கிறது. 1960களில் ஒரு பிரெஞ்சுக்காரர் சராசரியாக ஆண்டுக்கு நூறு லிட்டருக்கும் மேல் ஒயின் குடித்தார். இன்று அதில் பாதிகூட இல்லை. 2023இல் ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகை அறிவித்து ஆயிரக்கணக்கான ஹெக்டேர் திராட்சைக்கொடியைப் பிடுங்கவைத்தார்கள். விற்காத சரக்கு விவசாயியின் கழுத்தை நெரிக்கிறது. வாங்குகிறவனுக்கு இது நல்ல காலம் என்று நான் சொன்னால் மனசாட்சி உறுத்துகிறது. ஆனால் உண்மை அதுதான். நல்ல வீட்டில் நியாயமான விலைக்கு வாங்குவது அந்த விவசாயிக்கும் உதவிதான்.

லுவார் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் காவுக்கான மலிவான ஒயின் என்றால் என் முதல் வாக்கு ஷினோனுக்கு. எழுத்தாளர் ரபலே பிறந்த மண். திராட்சை கபர்னே ஃப்ரான். ஊர்க்காரர்கள் 'ப்ரெத்தோன்' என்பார்கள். மலையைக் குடைந்து துஃபோ என்ற மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்துத்தான் லுவாரின் அரண்மனைகளைக் கட்டினார்கள். வெட்டிய குகைகள் ஒயின் அறைகளாயின. ஆண்டு முழுதும் குளிர், ஈரம், இருட்டு. இயற்கையே கட்டிக்கொடுத்த காவ். அந்தக் குகைகளில் முப்பது நாற்பது ஆண்டு பழைய ஷினோன் இன்றும் கிடக்கிறது; ஓல்கா ரஃபோ போன்ற வீடுகள் அவ்வப்போது பழைய ஆண்டுகளை வெளியே விடுகின்றன.

ஷினோனில் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: மணலிலா, மேட்டிலா? வியென் ஆற்றோர மணலிலும் சரளையிலும் விளைவது இலேசான ஒயின். கோடையில் சற்றுக் குளிரவைத்துக் குடிப்பதற்கு. களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த சரிவில் விளைவதுதான் நிலவறைக்கு. இரண்டுக்கும் லேபிளில் ஒரே பெயர். ஆகவே தோட்டத்தின் பெயரைப் பார்க்க வேண்டும்: ரஃபோவின் 'லே பிக்காஸ்', பெர்னார் போத்ரியின் சரிவுத் தோட்டங்கள், ஷார்ல் ஜோகேயின் 'க்ளோ த லா தியோத்ரி'. பெரும்பாலும் 15 யூரோவிலிருந்து 25 யூரோவுக்குள் பத்துப் பதினைந்து ஆண்டு நிற்கும் ஒயின். அந்த விலைக்குப் புர்கோனில் ஊர் பெயர் போட்ட பாட்டில் கிடைப்பதே அரிது. பக்கத்தில் புர்கேய், சொமூர்-ஷாம்பிஞி. இவையும் அதே திராட்சைதான், புர்கேய் கொஞ்சம் கறார். குறையும் உண்டு. சரியாகக் கனியாத ஆண்டில் பச்சைக் குடமிளகாய் வாசனை தூக்கலாக இருக்கும். எனக்கு அது கொஞ்சம் இருந்தால் பிடிக்கும். என் வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது.

அடுத்தது பொஜொலே. நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வரும் 'நூவோ' நினைவுக்கு வருகிறது இல்லையா? அறுவடை முடிந்து இரண்டு மாதத்தில் உலகமெங்கும் விற்றுத் தீர்த்த அந்த ஒயின்தான் இந்தப் பகுதிக்கு வாழ்வும் கொடுத்தது, கெட்ட பெயரும் கொடுத்தது. இங்கே விளையும் கமே திராட்சைக்குக் கெட்ட பெயர் புதிதில்லை. 1395இலேயே புர்கோன் கோமகன் துணிந்த ஃபிலிப், கமேயைப் பிடுங்கியெறியச் சொல்லி ஆணை போட்டார். அது தெற்கே, பொஜொலேயின் கருங்கல் குன்றுகளில் பிழைத்துக்கொண்டது. அங்கே அதற்கு ஏற்ற மண் கிடைத்தது.

பொஜொலேயின் வடபகுதியில் பத்து 'க்ரூ' ஊர்கள். அவற்றின் லேபிளில் பொஜொலே என்ற பெயர் பெரும்பாலும் இருக்காது. மொர்கோன், ஃப்ளூரி, ஷெனாஸ், மூலென்-ஆ-வான் என்று ஊர் பெயர் மட்டும் இருக்கும். நிலவறைக்கு எனக்கு வேண்டியவை மொர்கோனும் மூலென்-ஆ-வானும்தான். மொர்கோனில் 'கோத் து பி' என்ற குன்றின் சிதைந்த பாறை. மூலென்-ஆ-வானில் மாங்கனீசு கலந்த இளஞ்சிவப்புக் கருங்கல். நல்ல கையில் செய்த மூலென்-ஆ-வான் பத்தாண்டு கழித்துப் புர்கோனின் பினோ நுவார் போலவே மணக்கிறது. தெரியாமல் சுவைத்துப் பார்த்து ஏமாந்த வல்லுநர்கள் பலர். மார்செல் லப்பியேர், ஜான் ஃபோயார் போன்றவர்கள் 1980களில் வேதியியலாளர் ஜூல் ஷோவேயின் வழிகாட்டலில் கந்தகத்தைக் குறைத்து, பழைய முறைக்குத் திரும்பினார்கள். அவர்கள் புகழ் இப்போது பரவிவிட்டது, விலையும் ஏறுகிறது. அதிகம் பேசப்படாத வீடுகளின் மூலென்-ஆ-வானும் ஷெனாஸும் இன்னும் 12 முதல் 18 யூரோவில் கிடைக்கின்றன.

புர்கோனை ஒரே வரியில் முடிக்கிறேன்: பணப்பை சின்னதாக இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். போய்த்தான் தீருவேன் என்பவர்கள் மெர்குரே, ஜிவ்ரி, மார்சனே மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தென்மேற்கில் காஓர் என்றொரு ஊர் இருக்கிறது. பெயர் விலையைத் தீர்மானிக்கிறது என்று சொன்னேனே, துறைமுகமும் தீர்மானிக்கும் என்பதற்குக் காஓர்தான் சாட்சி. ஊரைச் சுற்றி ஓடும் லோத் ஆறு கரோன் ஆற்றில் விழுந்து போர்தோ துறைமுகத்துக்குப் போகிறது. நடுக்காலத்தில் காஓரின் 'கறுப்பு ஒயின்' இங்கிலாந்து வரை போயிற்று. ஆனால் போர்தோக்காரர்கள் அரசரிடம் ஒரு சலுகை வாங்கி வைத்திருந்தார்கள்: தங்கள் சரக்கு கப்பலேறும் வரை ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வரும் ஒயின் துறைமுகத்துக்குள் வரக்கூடாது. அந்தக் காலத்தில் ஒயின் வசந்தம் வரை கெடாமல் நின்றாலே பெரிய விஷயம். வணிகக் காலம் முடிந்த பிறகு வரும் சரக்கை யார் வாங்குவார்கள்? 1776இல் அமைச்சர் துர்கோ ஒழிக்கும் வரை நூற்றாண்டுக் கணக்கில் இது நீடித்தது. பிறகு திராட்சை வேர்ப்பூச்சி ஃபிலோக்செரா வந்தது. அதிலிருந்து தலை தூக்குமுன் 1956 பிப்ரவரி உறைபனி கொடிகளைக் கொன்றுபோட்டது. அப்பெலாசியோன் கிடைத்ததே 1971இல்தான். இதற்குள் அவர்களுடைய மால்பெக் திராட்சையின் புகழை அர்ஜென்டினா எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மண்ணில் ஒரு குறையும் இல்லை. க்ளோ த கமோ, க்ளோ த்ரிகெதினா, ஷாத்தோ து செத்ர் ஆகிய வீடுகளின் ஒயின் 12 முதல் 20 யூரோ. ஐந்து ஆண்டு ஆகும் முன் திறக்காதீர்கள். இன்னும் தெற்கே பிரெனே மலையடிவாரத்தில் மதிரான். அங்கே தன்னா என்ற திராட்சை. பெயருக்கு ஏற்ற டானின். இளமையில் குடித்தால் ஈறு வறண்டுபோகும். அதைத் தணிக்கத்தான் 1990களின் தொடக்கத்தில் அவ்வூர்க்காரர் பத்ரிக் துகூர்னோ, தொட்டியிலேயே ஆக்சிஜனைச் சொட்டுச் சொட்டாக விடும் முறையைக் கண்டுபிடித்தார். இப்போது உலகமெல்லாம் செய்கிறார்கள். மறந்துபோகும் அளவுக்குக் காவின் மூலையில் வைக்க மதிரானை விட மலிவான ஒயினை நான் பார்த்ததில்லை.

ரோன் பள்ளத்தாக்கைப் பற்றி என் உற்சாகம் குறைந்து வருகிறது. ஷாத்தோநெஃப்-து-பாப் 1936இல் முதல் அப்பெலாசியோன்களில் ஒன்றாயிற்று. அதற்கு வழி வகுத்தவர் பாரன் லெ ருவா. பெருமை சரி. ஆனால் வெயில் ஏறிக்கொண்டே போகிறது. தெற்கு ரோனில் 15 சதவீத ஆல்கஹால் இப்போது சாதாரணம். ஜிகோந்தாஸ் 20 யூரோவுக்கு இன்னமும் நல்ல வியாபாரம்தான், உயரத்தில் உள்ள தோட்டமாகப் பார்த்து எடுத்தால். வடக்கே க்ரோஸ்-எர்மித்தாஜ் பரப்பில் பெரியது, தரத்தில் ஏற்றத்தாழ்வு அதிகம். செய்தவரின் பெயர் தெரியாமல் வாங்காதீர்கள். மத்தியதரைக் கரையில் பாந்தோல் இருக்கிறது. முர்வேத்ர் திராட்சை குறைந்தது பாதி, மரப்பீப்பாயில் குறைந்தது 18 மாதம் என்று சட்டமே காத்திருக்கச் சொல்லும் ஒயின். தம்ப்பியே வீட்டின் லுசியேன் பெய்ரோ போராடி அந்தத் திராட்சையை மீட்டார். இன்று 25 யூரோவுக்குக் குறைந்து நல்லது கிடைப்பது கஷ்டம். ஆனாலும் இருபது ஆண்டுச் சரக்கு.

ஆண்டு பார்ப்பது எப்படி? எல்லோரும் 2009, 2010, 2015, 2016 என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அவை நல்லவைதான், அதனாலேயே விலை கூடியவை. மரபான ருசி வேண்டுமென்றால் புகழ்பெற்ற ஆண்டுக்குப் பக்கத்து ஆண்டைப் பாருங்கள். போர்தோவின் 2014 அப்படி ஒன்று: நேர்த்தியானது, அளவானது; 2015, 2016 இரண்டின் நிழலில் மறைந்துபோயிற்று. 2021இல் ஏப்ரல் உறைபனி, குளிர்ந்த கோடை. பத்திரிகைகள் உதட்டைப் பிதுக்கின. நல்ல வீடுகள் அந்த ஆண்டில் 13 சதவீதத்தை ஒட்டி, பழைய காலத்து அளவில், ஒயின் செய்தன. நீண்ட நாள் நிற்காது, எட்டுப் பத்தாண்டு போதுமென்றால் வாங்கலாம். 2013 போர்தோவை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கும் இடம். செப்டம்பரில் பெரிய கடைகள் நடத்தும் 'ஃபுவார் ஓ வேன்' நம் ஆட்களுக்குப் பழக்கமானது. அங்கே க்ரூ பூர்ஷுவாக்கள் நல்ல விலைக்கு வரும். தங்கப் பதக்க ஸ்டிக்கர் ஒட்டிய குப்பையும் வரும். பதக்கத்தைப் பார்க்காதீர்கள், செய்தவரின் பெயரையும் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்ததா என்பதையும் பாருங்கள். 'க்ரான் வேன் த போர்தோ', 'பழைய கொடி' இரண்டும் தரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. கனமான பாட்டில் கண்ணாடிக்குத்தான் காசு. நவம்பர் கடைசியில் போர்த் த வெர்சாயில் சுதந்திரத் தோட்டக்காரர்களின் சந்தை கூடும். செய்தவரே மேசைக்குப் பின்னால் நிற்பார். வெட்கப்படாமல் கேளுங்கள்: 'உங்கள் வீட்டில் இப்போது எந்த ஆண்டைத் திறக்கிறீர்கள்?' பத்து ஆண்டுப் பழையதைச் சொன்னால் அவர் ஒயின் நிற்கும் என்று அவரே நம்புகிறார். போன வருஷத்தைச் சொன்னால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். பீப்பாயில் இருக்கும்போதே முன்பணம் கட்டும் 'ப்ரீமோர்' வியாபாரம் நமக்கு வேண்டாம். இந்த விலை ஒயின்கள் வெளிவந்த பிறகும் அதே விலைக்கோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கும்.

காவுக்கு வருவோம். 12, 13 டிகிரி நல்லது. 16 வரை போனாலும் குற்றமில்லை, மெதுவாக மாறினால் சரி. பாரிஸ் காவுகளில் இரண்டு விரோதிகள்: கட்டடத்தின் வெந்நீர்க் குழாய், பக்கத்தில் ஓடும் மெட்ரோ. குழாய் உங்கள் அறை வழியாகப் போகிறதென்றால் முதலில் ஒரு வெப்பமானி வைத்து ஜூலை மாதம் முழுவதும் பாருங்கள், பிறகு வாங்குங்கள். பாட்டிலைப் படுக்கவையுங்கள், தக்கை நனைந்திருக்க வேண்டும். ஈரம் அதிகமென்றால் லேபிள் பூஞ்சை பிடிக்கும், ஒயினுக்கு ஒன்றுமில்லை. வெளிச்சம் வேண்டாம். புதுச்சேரியிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள்: குளிர்பெட்டி இல்லாமல் முடியாது. நம்மூர் வெயிலில் ஒரு கோடை போதும், பத்தாண்டு வயது ஏறிவிடும், சுவை ஏறாது.

நம் சாப்பாட்டோடு எப்படி? மிளகாய்க் காரமும் இளம் டானினும் பகை. காரம் எரிச்சலாகிறது, ஒயின் கசப்பாகிறது. புளி ஊற்றிய மீன்குழம்புக்குச் சிவப்பு ஒயின் எதுவுமே ஒத்துவராது என்பது என் தீர்ப்பு. ஆனால் எட்டு ஆண்டு கிடந்து துவர்ப்புத் தணிந்த ஷினோனோ மொர்கோனோ மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவலோடு நன்றாகப் போகும். காஓருக்கும் மதிரானுக்கும் அவ்வூர்க்காரர்கள் வாத்துக்கறியைத்தான் சொல்வார்கள், நான் மறுக்கவில்லை.

இந்த ஆண்டு 300 யூரோ ஒதுக்க முடியும் என்றால் இப்படிச் செய்யுங்கள். சரிவில் விளைந்த ஷினோன் ஆறு, மூலென்-ஆ-வான் ஆறு, காஓர் மூன்று, மெதோக்கின் ஒரு க்ரூ பூர்ஷுவா மூன்று. ஒவ்வொரு ஒயினிலும் ஒரே ஒரு பாட்டில் வாங்காதீர்கள். ஒற்றைப் பாட்டிலைத் திறக்கும் நாள் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆறில் ஒன்றை மூன்றாம் ஆண்டில் திறந்து பார்த்தால் மீதியை எப்போது திறப்பது என்று அதுவே சொல்லும். பெட்டியின் மேல் வாங்கிய தேதியும் விலையும் எழுதிவையுங்கள். முதலில் அந்த ஓடாத சைக்கிளை வெளியே எடுங்கள். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது என்று தலைவர் சொல்கிறார்; கேளுங்கள்.